பிடித்த இடம் தேயும்

(தவக்காலம் நான்காம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வாசகங்கள்: யோசுவா 5:9, 10-12, 2 கொரிந்தியர் 5:17-21, லூக்கா 15:1-3, 11-32)



இன்றைய நற்செய்தியைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் இளைய மகனின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம். பன்றிகளோடு பட்டினி கிடந்தவன், வெட்கத்தோடு திரும்பி வந்தவன், ஓடிவந்து கட்டிக்கொண்ட அப்பா. எத்தனை முறை கேட்டாலும் கண் கலங்கும். ஆனால் உள்ளதைச் சொல்வோம். இந்தக் கோவிலில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூர தேசம் போனவர்கள்? நாம் ஊரைவிட்டே போகாதவர்கள். பூசைக்குத் தவறாமல் வருகிறவர்கள். கோவில் வரி பாக்கி வைக்காதவர்கள். திருவிழாக் கொடி ஏறும்போது கயிற்றின் பக்கத்திலேயே நிற்கிறவர்கள். உவமை தொடங்கும் முன் லூக்கா சொல்வதைப் பாருங்கள். பாவிகள் இயேசுவை நெருங்கி வந்தார்கள். அதைப் பார்த்துப் பரிசேயரும் மறைநூல் அறிஞரும் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களுக்குத்தான் இயேசு இந்தக் கதையைச் சொல்கிறார். அப்படியானால் கதை, வீட்டைவிட்டுப் போகாத மூத்த மகனுக்காக எழுந்தது. இன்று அவனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். துணைக்கு ஒரு காரின் ஸ்டியரிங்கை அழைத்துக்கொள்கிறேன்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நம் பங்கில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். புது வண்டி எடுத்தால் நேராகக் கோவில் வாசலுக்குத்தான் வருகிறீர்கள், மந்திரிப்பதற்கு. டேஷ்போர்டில் வேளாங்கண்ணி மாதா, கண்ணாடியில் ஒரு ஜெபமாலை. நான் தீர்த்தம் தெளிக்கும்போது, "சாமி, ஸ்டியரிங்லயும் ரெண்டு சொட்டு" என்று கேட்காதவர் இல்லை. அந்த ஸ்டியரிங் சில வருடம் கழித்து என்ன ஆகிறது என்பதை நான் அருகில் உட்கார்ந்து பார்த்தது அண்மையில்தான். நம் அன்பியத்தைச் சேர்ந்த டிரைவர் அண்ணன் ஒருவர் பழைய வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். ஸ்டியரிங்கில் தோல் போர்த்திய வண்டி. அந்தத் தோல் உரிந்து, நிறம் போய், பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கடைக்குக் கொடுக்காமல் தானே சரிசெய்வதென்று சாமான்களை எடுத்துக்கொண்டு கோவில் வளாகத்து வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டார். வீட்டில் நிழல் இல்லை என்றார். நானும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பாருங்க சாமி." வலப்பக்கம். கடிகார முள் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை போகிற அந்த வளைவு மட்டும் தோல் வெளிறிப் பஞ்சுபோல் எழும்பியிருந்தது. இடப்பக்கம் கிட்டத்தட்ட நன்றாகவே இருந்தது. ஏன்? நம் நாட்டில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். இடக்கை கியருக்கும் ஸ்டியரிங்குக்குமாக அலைந்துகொண்டிருக்கும். வலக்கை ஸ்டியரிங்கை விடாது. அந்தக் கையின் வியர்வை, உள்ளங்கையின் எண்ணெய்ப் பசை, விரலில் கிடக்கும் மோதிரம் எல்லாம் அந்த ஓரிடத்திலேயே உரசுகின்றன. பக்கத்துக் கதவின் கண்ணாடி வழியே விழும் வெயிலும் அங்கேதான் படுகிறது. 2020இல் கொரோனா வந்தபோது ஒவ்வொரு சவாரிக்கும் கையில் தேய்த்த சானிடைசர் வேறு. அதிலிருக்கும் ஆல்கஹால் தோலின் மேல்பூச்சை இளக்கிவிடும்.

ஆக, வண்டியைத் திருடியவன் யாரும் அதைக் கெடுக்கவில்லை. ஒழுங்காக ஓட்டியவனின் கைதான் தேய்த்தது. அதுவும் அவன் நாள்தோறும் பிடித்த இடத்தில்.

மூத்த மகன் நற்செய்தியில் எங்கிருந்து வருகிறான்? வயலிலிருந்து. தம்பி ஊதாரியாய்ச் செலவழித்த காலமெல்லாம் இவன் கை ஏரையோ மண்வெட்டியையோ விட்டிருக்காது. முதல் வாசகத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா நின்றுபோகிறது; கானான் நாட்டு விளைச்சலை உண்ணத் தொடங்குகிறார்கள். இனி உழுது விதைத்துத்தான் சாப்பாடு. அதுவும் ஆண்டவர் கொடுத்த வாழ்வுதான். உழைப்பால் தேய்வது பாவம் இல்லை. தந்தையும் மூத்தவனைப் பார்த்து நீ உழைக்கவில்லை என்று சொல்லவே இல்லை. எப்போதும் தம்மோடு இருப்பவன் என்றும், தம்முடையது எல்லாம் அவனுடையது என்றும்தான் சொல்கிறார். பிறகு எங்கே கோளாறு?

அதை அண்ணன் ஸ்டியரிங்கைத் துடைத்த துணியில் பார்த்தேன்.

தேய்ந்த பகுதிக்குக் கொஞ்சம் மேலே ஸ்டியரிங் பளபளவென்று மின்னியது. அந்த இடம் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். "அது பளபளப்பு இல்ல சாமி, அழுக்கு. நல்ல தோலு மினுங்காது" என்றார் அண்ணன். புதிதாக வரும்போது ஸ்டியரிங் தோல் மங்கலாகத்தான் இருக்குமாம். ஆண்டுக்கணக்கில் கைப்பசையும் தூசியும் படிந்து, அடுக்கடுக்காக இறுகி, மெருகு போட்டதுபோல் ஆகிவிடுகிறது. தோல் துடைக்கும் திரவத்தில் கொஞ்சம் எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தார். வெள்ளை நுரை சாம்பல் நிறமானது, பிறகு கறுத்தது. வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார். ஒரு முறை, மறுபடி, மறுபடி. துணியில் கறை வராத வரைக்கும் நிறுத்தவில்லை.

மூத்தவன் தன் தந்தையிடம் எதை எடுத்துக் காட்டுகிறான் என்று பாருங்கள். இத்தனை ஆண்டு உழைத்ததை. ஒரு கட்டளையும் மீறாததை. அத்தனையும் உண்மை. ஆனால் அந்த உண்மையின் மேல் ஆண்டுக்கணக்கில் ஏதோ படிந்திருக்கிறது. நண்பர்களோடு விருந்துண்ண ஓர் ஆட்டுக்குட்டி கிடைக்கவில்லை என்ற கணக்கு படிந்திருக்கிறது. தம்பிமேல் வெறுப்பு படிந்திருக்கிறது. அவனுக்கோ அது மெருகாகத் தெரிகிறது. வீட்டுக்குள் ஆடலும் பாடலும் கேட்கின்றன. உள்ளே போய்ப் பார்க்காமல் வேலையாளைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். சொந்த வீட்டு வாசலில் அந்நியனாய் நிற்கிற அளவுக்கு அந்தப் படிவு இறுகிப்போயிருக்கிறது.

இதைக் கொஞ்சம் நம் பங்குக்குள் கொண்டுவருவோம். பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறவர் இருக்கிறார். புதிதாக வந்த பிள்ளை மைக்கைத் தொட்டால் அவர் முகம் மாறுகிறது. வகுப்பில் கண்டிப்புக்குப் பேர்போன ஆசிரியர் இருக்கிறார். அந்தக் கண்டிப்பில் எவ்வளவு அக்கறை, எவ்வளவு எரிச்சல் என்று அவருக்கே இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. மருமகள் வந்து பல வருடமாகியும் அடுப்படியை விட்டுக்கொடுக்காத மாமியார், "எல்லாம் இந்தக் குடும்பத்துக்காகத்தான்" என்கிறார். குருக்களாகிய எங்களையும் விட்டுவிடாதீர்கள். நாள்தோறும் நற்கருணையைத் தொடுகிற கைக்கு, தான் எதைத் தொடுகிறோம் என்பதே மறந்துபோகக்கூடும். இவை எவையும் நம் பாவப்பட்டியலில் வருவதில்லை. பாவசங்கீர்த்தன இரகசியத்தின் பக்கமே போகாமல் இதைச் சொல்லலாம்: முதல் நற்கருணைக்குத் தயாரித்தபோது மனப்பாடம் செய்த பட்டியலைத்தான் நம்மில் பலர் ஐம்பது வயதிலும் ஒப்பிக்கிறோம். பூசைக்கு வரவில்லை, பொய் சொன்னேன், கோபப்பட்டேன். அவையும் பாவங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இடப்பக்கத்தையே துடைத்துக்கொண்டிருக்கிறோம். நம் கை எப்போதும் கிடக்கிற இடம் எது? நாம் கெட்டிக்காரர்கள் என்று பேர் வாங்கிய இடம் எது? அங்கே துணியை வைத்துப் பார்க்க வேண்டும்.

அண்ணன் வேலைக்குத் திரும்புவோம். அழுக்கெல்லாம் போனதும் ஸ்டியரிங் முன்பைவிட அசிங்கமாகிவிட்டது. மினுக்கம் மறைந்தது. அதற்கு அடியில் ஒளிந்திருந்த வெடிப்புகளும் கீறல்களும் நிறம் போன திட்டுகளும் வெளியே தெரிந்தன. நான் முகம் சுளித்ததைப் பார்த்து அவர் சிரித்தார். "இந்த நேரத்துலதான் சாமி, ஆளுங்க பயந்து போயி கவர் வாங்க ஓடுவாங்க."

கவர் உங்களுக்குத் தெரியும். உதிரிபாகக் கடை வாசலில் வளையம் வளையமாகத் தொங்கும். மாட்டினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் சரியான அளவில் இல்லாத கவர் திருப்பத்தில் வழுக்கும். அதற்கு அடியில் வியர்வை தேங்கி, மிச்சமிருக்கும் தோலையும் தின்னும். பக்தியிலும் கவர் விற்கிறது. மனம் உறுத்தும்போது பாதயாத்திரை கிளம்புகிறோம். கெபிக்கு டைல்ஸ் ஒட்டித் தருகிறோம், சப்பரத்துக்குப் பூ அலங்காரம் ஏற்றுக்கொள்கிறோம். அவற்றை வேண்டாம் என்று பங்குத்தந்தையான நான் சொல்வேனா? கெபியில் டைல்ஸ் பாதி பெயர்ந்துதான் கிடக்கிறது. ஆனால் அண்ணன்மாரும் தம்பிமாரும் பேசாமலிருக்கும் வீட்டிலிருந்து வருகிற காசில் டைல்ஸ் ஒட்டினால், ஆண்டவர் கேட்டது அதை இல்லை.

துடைத்த பிறகு சுத்த ஆல்கஹாலைத் துணியில் கொஞ்சமாக நனைத்து ஒருமுறை ஒற்றி எடுத்தார். எஞ்சிய எண்ணெய்ப் பசை போனால்தான் வண்ணம் பிடிக்குமாம். சானிடைசராக வந்து கெடுத்த அதே ஆல்கஹால்தான் அளவோடு வந்தபோது உதவியது. இதற்கு நான் உரை எதுவும் சொல்லப்போவதில்லை. வேடிக்கையாக இருந்தது, சொன்னேன். அடுத்து எமரி பேப்பர். சொரசொரப்பானது இல்லை, 600க்கு மேல், 1000 வரை எண் போட்ட நைசான தாள். எழும்பி நின்ற நார்களைச் சமப்படுத்தினார். வெடிப்புகளில் தோலுக்கென்று வருகிற பட்டியை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் மெல்லியதாக இழுத்து, காயவிட்டு, மறுபடியும் தேய்த்தார். இவ்வளவுக்கும் பிறகும் வண்ண டப்பா திறக்கப்படவே இல்லை. பாதிப் பொழுதுக்குமேல் துடைப்பதிலும் தேய்ப்பதிலுமே போனது.

வண்ணம் என்றதும் நான் ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பார் என்று நினைத்தேன். அதை அடித்தால் தோல் வளைகிறபோது வெடித்துச் செதில் செதிலாக உரியும் என்றார். ஷூ பாலிஷ் போடுகிறவர்களும் உண்டாம்; முதல் வியர்வையில் அது கைக்கு வந்துவிடும், போதாக்குறைக்கு வழுக்கும். தோலுக்கென்றே வரும் நீர்த்த சாயத்தை ஸ்பாஞ்சில் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு பூச்சு. ஹேர் டிரையரால் காயவைத்து அடுத்த பூச்சு. முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. நான்கு, ஐந்து என்று ஏற ஏற நிறம் ஒன்றுசேர்ந்தது. நாம் கறுப்பு என்று சொல்வது பல வண்டிகளில் அடர்ந்த சாம்பல்தானாம். கடைக்கறுப்பை அப்படியே பூசினால் ஒட்டுப்போட்டது தெரியும் என்று கதவோரத்துத் தோலோடு வைத்து வைத்துப் பார்த்துக் கலந்தார். கடைசியில் மினுங்காத பாதுகாப்புப் பூச்சு.

தடிமனாக ஒரே பூச்சில் முடித்துவிட நமக்கும் ஆசைதான். பெரிய வெள்ளியன்று ஒரே நாளில் ஒருசந்தி, சிலுவைப்பாதை, அழுகை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, உயிர்ப்பு ஞாயிறு அன்று பிரியாணியோடு பழைய இடத்துக்கே போய்விடுகிறோம். பேசாமலிருக்கிற அண்ணனுக்கு இந்த வாரம் ஒரு வணக்கம் சொல்லுங்கள். அடுத்த வாரம், "பிள்ளைகள் எப்படியிருக்கு?" என்று கேளுங்கள். திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

இளைய மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம். அம்பாசிடர், ஃபியட் காலத்து ஸ்டியரிங்குகளை மூத்தவர்கள் பிடித்திருப்பீர்கள். பெரிய வளையம், மெல்லிய பிடி, உள்ளே இரும்பு, மேலே கெட்டியான பிளாஸ்டிக். வெயிலிலும் குளிரிலும் இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. பிளாஸ்டிக்கும் வயதாக ஆகச் சுருங்கும். ஒருநாள் உள்ளே இரும்பு தெரிய விண்டுவிடும். அதைச் சரிசெய்கிறவர்கள் முதலில் விரிசலைப் பெரிதாக்குவார்கள். அரத்தால் வாயை அகலமாகத் திறந்துவிட்டு, உள்ளே துருவைச் சுரண்டிவிட்டு, அதன் பிறகுதான் எபாக்ஸி பட்டியை அழுத்துவார்கள். மேலோடு பூசி மறைத்தால் பிடிக்காது. இளையவனும் தன் விரிசலை மறைக்காமல் திறந்துதான் காட்டினான். கடவுளுக்கும் அப்பாவுக்கும் எதிராகப் பாவம் செய்தேன், மகனாக இருக்கத் தகுதியில்லை என்று வாயைத் திறந்துவிட்டான். அவனுடையது விரிசல். எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால் அவனுக்குச் சீக்கிரம் வேலை முடிந்தது. மூத்தவனுடையது தேய்மானம். அது நாள்பட்டது, மினுக்கத்துக்கு அடியில் கிடப்பது. அதனால் அவனைத் தேடித் தந்தை வெளியே வர வேண்டியிருக்கிறது. வருகிறார். விருந்தை விட்டுவிட்டு, விருந்தினர்களை விட்டுவிட்டு, முற்றத்தில் வந்து நின்று கெஞ்சுகிறார். ஊருக்கே பெரிய மனிதர் ஒருவர், கோபித்துக்கொண்டு நிற்கும் மகனிடம்! இளையவனிடம் ஓடிய அந்தக் கால்கள் மூத்தவனிடமும் வருகின்றன. இதை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இன்னும் ஒன்று. அண்ணன் ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கும் மூடியைத் தொடவே இல்லை. மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டார். அதற்குள் ஏர்பேக் இருக்கிறது. மோதிய கணத்தில் இரசாயனம் எரிந்து, கண் இமைப்பதற்குள் பை ஊதிக்கொள்ளும்; வண்டி நிற்கும்போது யாராவது விவரம் தெரியாமல் கழற்றினால் முகத்தில் வெடிக்கக்கூடும். அந்த மூடியின் மேல் வண்ணம் பூசினாலும் தேவையான நேரத்தில் ஒழுங்காகத் திறக்காமல் போகலாம். "அது கம்பெனி ஆளு செய்ய வேண்டியது. வீட்டு வேலை இல்ல" என்றார். ஆன்ம சோதனை வீட்டில் செய்யலாம். மனம் வருந்துவதும், இனிச் செய்யேன் என்று உறுதி எடுப்பதும் தனியறையில் நடக்கும். ஆனால் என்னை நானே மன்னித்துக்கொண்டேன் என்பது நடக்காது. இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் சொல்வது இதையே: நம்மைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுள், அந்தப் பணியைத் திருத்தூதர்களிடம் ஒப்படைத்தவரும் அவரே. "நான் நேரா ஆண்டவர்கிட்டயே பேசிக்கிறேன் சாமி" என்று சொல்லும் இளைஞர்களுக்கு: தாராளமாகப் பேசுங்கள், நாள்தோறும் பேசுங்கள். பேசிவிட்டுப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கும் வாருங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதை முடிந்ததும் பாவசங்கீர்த்தனம் கேட்கப் பக்கத்துப் பங்குகளிலிருந்து குருக்கள் வருகிறார்கள். தெரிந்த முகத்திடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது வசதி. கோவிலின் நான்கு மூலையிலும் உட்காருவார்கள். வரிசையைப் பீடச்சிறுவர்கள் கவனித்துக்கொள்வார்கள். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு சனிக்கிழமை நானே வீடுகளுக்கு வருகிறேன். அன்பியப் பொறுப்பாளர்களிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். டிரைவர் அண்ணன்மார் சவாரி இருக்கிறது என்று சொல்வீர்கள் என்பதால், உங்களுக்காக விடியற்காலைத் திருப்பலிக்கு அரைமணி நேரம் முன்பே தொட்டியில் இருப்பேன்.

இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.